கண்மாயைத் தூர்வாரியாச்சு, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை: திட்டத்தில் பிழை தேடும் வழி

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் (பாசன ஏரி) வேலைகளில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. மண் அள்ளியாயிற்று. கரையைப் பலப்படுத்தியாயிற்று. தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மடைக்குப் புது ஷட்டர் போட்டாயிற்று. திட்டத்தில் எழுதிய எந்த வேலையும் பாக்கி இல்லை. ஐப்பசி மழையும் வருகிறது. வாய்க்காலின் தொடக்கத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரர் வயல் பச்சை கட்டுகிறது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் போன வருஷம் நின்ற அதே வரப்பில், அதே கவலையோடு நிற்கிறார்.

உடனே எல்லோரும் ஒப்பந்ததாரர் செய்த வேலையில் குறை தேடுவார்கள். குறை பல நேரம் அங்கே இருக்காது. பல மாதங்களுக்கு முன்பு, திட்டம் போடுவதற்காகச் சுவரில் ஒட்டிய தாளில், முதல் அட்டையில் எழுதிய வரியிலேயே இருக்கும். கையில் ஏற்கெனவே ஒரு தீர்வை வைத்துக்கொண்டு, அதையே பிரச்சினை என்று அந்த அட்டையில் எழுதியிருப்போம். அதற்குப் பிறகு வரும் மரம், அட்டவணை, பட்ஜெட் எல்லாம் அந்த வரியின் பின்னாலேயே போய்விடும். கீழே சொல்லும் கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கே தொடங்குபவைதான்.

முறை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முதலில் பிரச்சினை மரம் வரைகிறோம்: நடுவில் மையப் பிரச்சினை, கீழே வேர்களாகக் காரணங்கள், மேலே கிளைகளாக விளைவுகள். அதைத் திருப்பிப் போட்டால் குறிக்கோள் மரம். அதிலிருந்து நம்மால் முடிகிற ஒரு பகுதியை எடுத்து லாக்ஃப்ரேம் என்ற அட்டவணையில் வைக்கிறோம். நான்கு வரிசை, நான்கு பத்தி. வரிசைகள் மேலிருந்து கீழாக நெடுங்கால இலக்கு, நோக்கம், வெளியீடு, செயல்பாடு. பத்திகள் விவரம், அளவுகோல், சான்று, அனுமானம். இந்த அட்டவணையை 1969-இல் அமெரிக்க அரசின் யூஎஸ்எய்டு நிறுவனத்துக்காக லியோன் ரோசன்பெர்க் வடிவமைத்தார். 1980-களில் ஜெர்மனியின் ஜி.டி.இசட் நிறுவனம் அதற்கு முன்னால் பிரச்சினை மரத்தைச் சேர்த்து, ஊராரோடு உட்கார்ந்து போடும் திட்டமுறையாக அதைப் பரப்பியது. இன்று நிதி கேட்டு விண்ணப்பிக்கும் தொண்டு நிறுவனங்கள் பலவும் ஏதோ ஒரு வடிவத்தில் இதைத்தான் நிரப்புகின்றன.

விளக்கத்துக்கு ஒரு கண்மாயை வைத்துக்கொள்வோம். ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 60 ஹெக்டேர், அதில் கடைமடைப் பகுதி 20 ஹெக்டேர். மூன்று மடை. மேலே இருக்கும் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் (உபரி நீர் வழிந்தால்), அந்தத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக இங்கே வந்து சேரும். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை. நிலைமை, அந்தப் பக்கத்துச் சங்கிலித் தொடர்க் கண்மாய்கள் எதிலும் பார்க்கக்கூடியதே.

உங்கள் திட்டத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கே நேராகப் போகலாம். இரண்டு மூன்று அறிகுறிகள் சேர்ந்து தெரிந்தால் மட்டும் மேலே உள்ளதை முதலில் சரிசெய்யுங்கள். கீழே உள்ளவை தானாகவே கரைந்துபோக வாய்ப்பு அதிகம்.

அறிகுறி 1: அட்டைகள் "இல்லை" என்று முடிகின்றன

"தூர்வாரவில்லை." "தடுப்பணை இல்லை." "பயிற்சி இல்லை." "போர்வெல் இல்லை."

சோதனை எளிது. அந்த "இல்லை"யை விரலால் மறைத்துப் பாருங்கள். "தடுப்பணை இல்லை" என்பதில் மிச்சம் நிற்பது தடுப்பணை. அதாவது நீங்கள் கட்ட விரும்பும் பொருள். பிரச்சினை என்ன என்று அந்த அட்டை இன்னும் சொல்லவே இல்லை. பயிற்சி வகுப்புகளில் காலங்காலமாகச் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: "பூச்சிமருந்து இல்லை" என்று எழுதாதீர்கள், "விளைச்சலைப் பூச்சி அழிக்கிறது" என்று எழுதுங்கள். முதல் அட்டையிலிருந்து மருந்துக் கடைக்கு மட்டும்தான் வழி இருக்கிறது. இரண்டாவதிலிருந்து விதை ரகம், விதைக்கும் பருவம், ஊடுபயிர், மருந்து என்று பல வழி பிரியும்.

சரிசெய்யும் வழி: "இல்லாததால் யாருக்கு, எங்கே, எந்த மாதம், என்ன ஆகிறது?" என்று கேளுங்கள். அறைக்குள் உட்கார்ந்து கேட்காதீர்கள். கடைமடை வரப்பில் நின்று கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்.

"தூர் வாரலை தம்பி, அதான் தண்ணி இல்லை."

"எந்த மாசம் ஐயா நின்னுபோகுது?"

"கதிர் பால் பிடிக்கிற நேரத்துல. தை பொறந்தா நம்ம மடையில ஒண்ணும் வராது."

"அப்போ கண்மாய்க்குள்ள தண்ணி கிடக்குமா?"

"கிடக்கும். மாடு குளிப்பாட்டுவாங்க. மடைக்குத்தான் ஏறாது."

கடைசி வரியைக் கவனியுங்கள். கண்மாய்க்குள் தண்ணீர் இருக்கிறது, ஆனால் மடைவாயின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. மடை மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், அங்கே சேரும் தண்ணீர் தானாக வாய்க்காலுக்கு ஏறி வராது. ஆடு மாட்டுக்கும் மீனுக்கும் சுற்றியுள்ள கிணறுகளின் ஊற்றுக்கும் அது உதவும். அவை நல்ல பயன்கள்தாம். ஆனால் கடைமடை நெல்லுக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேராது. மடை மட்டத்துக்கு மேலே படிந்த வண்டலை எடுத்தால்தான் பாசனக் கொள்ளளவு கூடும். மண் அள்ளும் இயந்திரம் வருவதற்கு முன்னால் மட்டம் பார்த்தீர்களா என்பது அவ்வளவு முக்கியமான கேள்வி. "தூர்வாரவில்லை" என்ற அட்டை அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் செய்துவிடுகிறது.

இப்போது அட்டையை மாற்றி எழுதலாம்: "கடைமடை 20 ஹெக்டேரில் தை மாதம் கதிர் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் கிடைப்பதில்லை, நெல் பதராகிறது." இதற்கு ஏன் என்று கேட்டால் வேர்கள் பிரிகின்றன. கண்மாய்க்கு வந்து சேரும் நீர் குறைந்திருக்கிறது. வந்தது கரையிலும் மடையிலும் கசிகிறது. மடை மட்டத்துக்கு மேல் நிற்கும் நீர் வண்டலால் குறைந்திருக்கிறது. இருக்கும் நீரைத் தலைமடையில் முறையில்லாமல் திறக்கிறார்கள். வாய்க்கால் பாதி வழியில் உடைந்திருக்கிறது. கடைமடையில் விதைப்பது அதிக நாள் நிற்கும் நெல் ரகம். ஆறு வேர். தூர்வாருதல் அதில் ஒன்றுக்கு மட்டும், அதுவும் ஓரளவுக்குத்தான், மருந்து.

அறிகுறி 2: எந்த வேரைத் தோண்டினாலும் அடியில் "விழிப்புணர்வு இல்லை"

எனக்கு மிகவும் கவலை தரும் அறிகுறி இதுதான். இந்த அட்டை ஒட்டப்பட்டவுடன் அறையில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. இனி கேள்வி இல்லை. கருத்தரங்கு, துண்டறிக்கை, சுவர் எழுத்து என்று செயல்பாடுகள் வரிசையாக வரும். கூடவே, குற்றம் முழுவதும் அந்த ஊர்க்காரர் தலையில் ஏறிவிடும். அவருக்குத் தெரியாததால்தான் இப்படி ஆயிற்று என்று ஆகிவிடும்.

சோதனை: "இது அவர்களுக்குத் தெரிந்துவிட்டால், நாளைக் காலை என்ன மாறும்?" வாய்க்காலில் மண் சேர்ந்தால் தண்ணீர் போகாது என்பது கடைமடைக்காரருக்குத் தெரியாதா? நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்யவில்லை என்றால், செய்வதற்கு ஆகும் செலவையும் செய்தால் கிடைக்கும் பயனையும் விசாரிக்க வேண்டும்.

விசாரித்தால் அடியில் வேறு காரணங்கள் வரும். வயலுக்குச் சொந்தக்காரர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார், குத்தகைக்கு உழுபவருக்கு அடுத்த வருஷம் இதே நிலம் கிடைக்குமா என்று உறுதி இல்லை. முன்பு அறுவடைக் களத்தில் நெல் அளந்து, மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஆளான நீர்ப்பாய்ச்சிக்குக் கொடுத்தார்கள், அது நின்றுபோனது, அவர் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். மீன்பாசி (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) ஏலப் பணம் எங்கே போகிறது என்று யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை, அதனால் பொதுவேலைக்குக் கைக்காசு போட யாரும் முன்வருவதில்லை. மூன்றுமே பேசித் தீர்க்கக்கூடியவை, எதிலும் துண்டறிக்கைக்கு வேலை இல்லை.

ஒரு பழைய விஷயம். ஊரார் சேர்ந்து கண்மாயைப் பராமரிப்பதைக் குடிமராமத்து என்று நாம் பெருமையாகச் சொல்வோம், அந்த வழக்கத்திலேயே இந்தக் கேள்வி இருந்தது. சென்னை மாகாணத்தில் 1858-இல் அதற்காகக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றே கொண்டுவர வேண்டி வந்தது. கரையைக் காக்க வேண்டும் என்பது ஊருக்குத் தெரியாமல் போனதால் வந்த சட்டம் இல்லை அது. யார் வேலைக்கு வருவது, வராதவரை என்ன செய்வது என்பதற்காக வந்தது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டத்தைத் திரும்பத் தொடங்கியபோதும், மண் அள்ளுவதைவிட அதற்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதே கடினமான பகுதியாக இருந்தது.

சரிசெய்ய, "விழிப்புணர்வு" என்ற அட்டையைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு ஆளையும் அவர் எடுக்கும் முடிவையும் எழுதுங்கள். "குத்தகை விவசாயி வாய்க்கால் வேலைக்கு வருவதில்லை, அடுத்த வருஷம் நிலம் நிச்சயமில்லை." இப்படி எழுதிய அட்டைக்குக் கீழே இன்னொரு "ஏன்" போட முடியும்.

"நிதி இல்லை" என்ற அட்டைக்கும் இதே வைத்தியம்தான். நிதி எங்கே போனது, யார் ஒதுக்க வேண்டும், ஏன் ஒதுக்கவில்லை என்று எழுதுங்கள்.

அறிகுறி 3: வேர் "மழை இல்லை" என்ற இடத்தில் போய் நிற்கிறது

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை படுமோசமாகப் பொய்த்தது. அந்த மாதிரி வருஷத்தில் தலைமடையும் காயும். 2021-இல் நன்றாகப் பெய்தது. அந்த வருஷத்திலும் கடைமடை காய்ந்ததா என்று கேளுங்கள். காய்ந்தது என்றால் மழைமீது பழி போட முடியாது. காயவில்லை என்றால் மழைக்கும் பங்கு உண்டு. அப்போது அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல், தனியாக ஒரு ஓரத்தில் ஒட்டிவையுங்கள். பின்னால் அனுமானப் பத்திக்கு அது தேவைப்படும்.

பொதுவிதி: நம்மாலோ நாம் அணுகக்கூடிய யாராலோ மாற்ற முடியாத இடம் வந்தால், அதற்கு ஒரு படி மேலே நின்றுகொள்ளுங்கள். "மழை குறைவு" என்பதற்கு மேல்படி, "குறைந்த மழைக்கு ஒத்துவராத ரகத்தை விதைக்கிறோம்." அதை மாற்றலாம்.

அறிகுறி 4: மரம் என்று வரைந்தது ஒரே கோடாக இருக்கிறது

"ஐந்து முறை ஏன் கேள்" என்ற உத்தியை மட்டும் தெரிந்துகொண்டு வந்தவர்களிடம் இது நடக்கும். டொயோட்டா தொழிற்சாலையில் டைச்சி ஓனோ சொன்ன எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. இயந்திரம் நின்றது, ஏன்? அதிகச் சுமையால் ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருக்கிறது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போனது. வடிகட்டி போட்டால் தீர்ந்தது.

இயந்திரத்துக்கு இது பொருந்தும். ஊருக்குப் பொருந்தாது. கண்மாயில் ஒரு விளைவுக்கு மூன்று காரணம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்ற இரண்டும் போதும், கடைமடை காய்வதற்கு.

ஒவ்வொரு அட்டையிலும் நின்று இரண்டு கேள்வி கேளுங்கள். "இதற்கு வேறு எதனாலும் உண்டா?" அப்புறம், "இதை மட்டும் சரிசெய்தால் மேலே உள்ளது தீர்ந்துவிடுமா?" இரண்டாவது கேள்விக்கு யாராவது தயங்கினால், பக்கத்தில் இன்னும் ஒரு அட்டை வர வேண்டும்.

அறிகுறி 5: அம்பு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது

தண்ணீர் வராததால் கடைமடை நிலம் தரிசு. தரிசானதால் வாய்க்காலை யாரும் வெட்டுவதில்லை. வெட்டாததால் தண்ணீர் வருவதில்லை. மரத்தில் வட்டம் வரக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதனால் சிலர் ஒரு அம்பை அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். வட்டம் உண்மை என்றால் அது இருக்கட்டும். ஒரே பருவத்தில் பலன் தெரியக்கூடிய அம்பு எது என்று பாருங்கள். அங்கே வெட்டுங்கள். இந்த வட்டத்தில் அது வாய்க்கால்தான். தரிசை உழச் சொல்லித் தொடங்கினால், தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இல்லாத ஒருவரிடம் அவர் காசைப் போடச் சொல்கிறோம். வாய்க்காலை முதலில் எடுத்துக்கொடுத்து, ஒரு தையில் தண்ணீர் வந்து சேர்வதை அவர் கண்ணால் பார்த்தால், அடுத்த வருஷம் உழவு தானாக வரும்.

அறிகுறி 6: எல்லோரும் ஒரே மரத்துக்குத் தலையாட்டிவிட்டார்கள்

ஒரே காலையில், சண்டையே இல்லாமல் மரம் முடிந்ததா? யார் வரவில்லை என்று பாருங்கள்.

ஒரு கண்மாயில் எத்தனை பேருடைய பிழைப்பு இருக்கிறது என்று எண்ணினால் திகைப்பாக இருக்கும். தலைமடை, கடைமடை விவசாயிகள். மீன்பாசி ஏலம் எடுத்தவர், அவருக்கு மடையைத் திறக்காமல் தண்ணீர் உள்ளேயே நிற்க வேண்டும். உள்வாயில், அதாவது கண்மாய்க்குள் நீர் பரவும் இடத்தில், பயிர் வைத்திருப்பவர், அவருக்குக் கண்மாய் நிரம்பவே கூடாது. சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுபவர்கள். ஆடு மேய்ப்பவர்கள். துணி துவைக்கவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் தினமும் வரும் பெண்கள். நிலமே இல்லாத குடும்பங்கள். அப்புறம், நம் ஊர் எல்லைக்கு வெளியே, மேல் கண்மாய்க்காரர்கள். அவர்கள் உபரி நீர் வழியும் கலுங்கில் பலகை வைத்து மட்டத்தை ஒரு அடி உயர்த்தினால், நம் வரத்துக்காலில் எவ்வளவு மண் அள்ளியும் பிரயோஜனம் இல்லை.

"சீமைக் கருவேலத்தை அகற்றுதல்" என்பது பல திட்டங்களில் கேள்வி கேட்காமல் இடம்பிடிக்கும் செயல்பாடு. வரத்துக்காலை அடைத்து நிற்கும் மரத்தை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் கரிமூட்டம் ஏராளமான ஏழைக் குடும்பங்களுக்கு மழை பொய்த்த வருஷத்திலும் கஞ்சி ஊற்றும் தொழில். அவர்களைக் கேட்காமல் போட்ட திட்டத்துக்கு எதிர்ப்பு வந்தால், அது அவர்களுடைய பிழை இல்லை. வேரோடு எடுத்த விறகு யாருக்குப் போகும் என்பதை முதலிலேயே அவர்களோடு பேசி எழுதினால், அந்த வேலையைச் செய்துகொடுக்க அவர்களைவிடச் சிறந்தவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

சரிசெய்ய மூன்று காரியம். பொதுக்கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு கூட்டத்தாரையும் தனித்தனியாக, அவர்கள் இருக்கும் இடத்தில், அவர்களுக்கு ஒழிந்த நேரத்தில் பாருங்கள். அட்டைகளைப் பேசாமல் எழுதவோ, எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதவோ விடுங்கள், முதலில் பேசுபவரின் கருத்தே எல்லோர் கருத்தும் ஆகிவிடாமல் இருக்கும். கடைசியாக, நடந்து பாருங்கள். வழக்கமாகக் கரையில் தொடங்கி நடப்பார்கள். நான் கடைமடையில் தொடங்கச் சொல்வேன். அங்கிருந்து வாய்க்கால் வழியே மடைக்கு, மடையிலிருந்து உள்வாய்க்கு, வரத்துக்கால் வழியே மேல் கண்மாயின் கலுங்கு வரைக்கும். தண்ணீர் எங்கே தொலைகிறது என்பது எதிர்த்திசையில் நடந்தால்தான் தெரியும்.

அறிகுறி 7: குறிக்கோள் மரம் வெறும் எதிர்ச்சொல் பட்டியலாக இருக்கிறது

"மழை குறைவு" என்பது "மழை போதிய அளவு" ஆகிவிட்டது. "இளைஞர்கள் வெளியூர் போகிறார்கள்" என்பது "இளைஞர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்" ஆகிவிட்டது. திருப்பி எழுதிய ஒவ்வொரு அட்டையிடமும் கேளுங்கள்: இது நடக்கக்கூடியதா? ஊருக்கு இது வேண்டுமா? திருப்பூரில் சம்பாதிக்கும் பையன் திரும்பி வர வேண்டும் என்று அவன் அம்மாகூட நினைக்காமல் இருக்கலாம். அப்படிப்பட்ட அட்டையைத் திருப்பாமல், "ஊரில் ஆள் குறைவாக இருந்தாலும் நடக்கக்கூடிய பராமரிப்பு ஏற்பாடு" என்று வேறு வழியில் எழுதுங்கள்.

அறிகுறி 8: நோக்கமும் வெளியீடும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன

லாக்ஃப்ரேமில் அடிக்கடி நேரும் பிழை. நோக்கம்: "கண்மாயைப் புனரமைத்தல்." வெளியீடு: "புனரமைக்கப்பட்ட கண்மாய்." செயல்பாடு: "கண்மாய்ப் புனரமைப்புப் பணிகள்." ஒரே வாக்கியம் மூன்று சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறது.

வேறுபாட்டை இப்படி நினைவில் வையுங்கள். செயல்பாடு நாம் செய்வது. வெளியீடு நாம் செய்து முடித்து ஒப்படைப்பது, அதற்கு நாமே பொறுப்பு. நோக்கம், ஒப்படைத்ததை மற்றவர்கள் பயன்படுத்துவதால் அவர்கள் வாழ்வில் மாறுவது. அதை நம்மால் வாங்கிக் கொடுக்க முடியாது, நடக்க வழிசெய்யத்தான் முடியும்.

கீழிருந்து மேலே சத்தமாகப் படியுங்கள். "வரத்துக்காலைச் சுத்தம் செய்து உடைப்பை அடைத்தால், மேல் கண்மாயின் மறுகால் நீர் தடையில்லாமல் வந்து சேரும்." சரி. "மறுகால் நீர் வந்து சேர்ந்து, மூன்று மடைக்கும் முறை வைத்துப் பாய்ச்சும் ஏற்பாடும் நடந்தால், தை மாதம் கடைமடைக்குக் கதிர்த் தண்ணீர் கிடைக்கும்." சரி. "அது கிடைத்தால், கடைமடைக் குடும்பங்களின் நெல் வருமானம் நிலைக்கும்." விலை கிடைத்தால், என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், அது அனுமானப் பத்திக்குப் போகும். படிக்கும்போது நாக்கு இடறும் இடத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பல திட்டங்களில் இடறுவது "முறை வைத்துப் பாய்ச்சும் ஏற்பாடு" என்ற படியில்தான். மண் வேலைக்கு மதிப்பீடு போட முடியும், இதற்குப் போட முடியாது, அதனால் விட்டுவிடுகிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போவதோ அந்தப் படியில் ஏறித்தான்.

நோக்கத்தில் "உம்" "உம்" என்று இரண்டு விஷயம் சேர்ந்திருந்தால் ஒன்றை எடுங்கள். "பாசனமும் பெண்கள் மேம்பாடும்" என்று எழுதினால், பணம் குறையும் வருஷத்தில் இரண்டாவதுதான் முதலில் கழன்று விழும். உண்மையிலேயே இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு லாக்ஃப்ரேம் போடுங்கள்.

அறிகுறி 9: அளவுகோலைப் படித்தால் எதை அளப்பது என்று தெரியவில்லை

"பாசனம் மேம்பட்டது" என்பது அளவுகோல் ஆகாது. "200 பேர் கூட்டத்தில் கலந்துகொண்டனர்" என்பது எதை அளக்கிறது என்றால், நம் உழைப்பை. எங்கே, எவ்வளவு, எப்போது, எந்தத் தரத்தில் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து எழுதுங்கள். "கடைமடை 20 ஹெக்டேரில், குறைந்தது 15 ஹெக்டேரில் தை கடைசி வரை வாய்க்கால் நீர் பாய்கிறது, திட்டம் முடிந்த மூன்று பருவத்தில் இரண்டிலாவது."

இப்போது எவ்வளவு என்று தெரியாமல் 15 என்று எழுதுவதில் பொருள் இல்லை. முந்தைய வருஷங்களின் நிலையைப் பார்க்கப் புதிதாகச் சர்வே எடுக்கப் பணம் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கலில் எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று பதிவு இருக்கும். ஐந்து வருஷத்தை எடுத்து, அந்த ஊர் விவசாயிகளோடு உட்கார்ந்து சரிபாருங்கள். சில பதிவுகள் வயலோடு ஒத்துப்போகாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சான்றுப் பத்திக்கு அதுவே போதும்.

அறிகுறி 10: அனுமானப் பத்தியில் "மக்கள் ஒத்துழைப்பார்கள்" என்று மட்டும் இருக்கிறது

இந்தப் பத்தியைக் கடைசி இரவில் நிரப்புகிறார்கள். திட்டம் உடைவது பெரும்பாலும் இந்தப் பத்தியில்தான் என்பதால், இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வங்கதேசத்தில் 1970-களிலிருந்து லட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் போடப்பட்டன. குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தன. காரணம் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டது: கிருமி கலந்த மேற்பரப்பு நீர். தீர்வும் அதற்குப் பொருத்தமானது. நிலத்தடி நீரில் கிருமி பெரும்பாலும் குறைவு என்பதும் சரிதான். ஆனால் "கிருமி இல்லாத நீர், பாதுகாப்பான நீர்" என்ற அனுமானத்தை யாரும் தனியாக எடுத்துச் சோதிக்கவில்லை. 1993-இல் கிணறுகளில் ஆர்சனிக் கண்டறியப்பட்டது. 2000-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை, 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர் வரை ஆபத்தில் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. குழாய்க்கிணறு என்ற வெளியீடு முழுமையாக நிறைவேறியிருந்தது. சோதிக்காமல் விட்ட ஒரு அனுமானம் அவ்வளவு பேரைத் தொட்டது.

ஒவ்வொரு அனுமானத்தையும் இப்படி நடத்துங்கள். இது பொய்த்தால் திட்டம் விழுமா? விழாது என்றால் அடித்துவிடுங்கள். விழும் என்றால், இது மெய்யாக எவ்வளவு வாய்ப்பு? அநேகமாக நடக்கும் என்றால் எழுதிவைத்துக் கவனித்துக்கொண்டிருங்கள். சந்தேகம் என்றால், அதை அனுமானமாக விடாமல் திட்டத்துக்குள் ஒரு வேலையாகக் கொண்டுவாருங்கள். நடக்கவே நடக்காது, நம்மால் மாற்றவும் முடியாது என்றால், அந்தத் திட்டத்தைப் போடாதீர்கள்.

நம் கண்மாயில் இதை ஓட்டிப் பார்ப்போம். தமிழகத்தில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. நம்முடையது 60 ஹெக்டேர், துறையிடம். மேல் கண்மாய் சிறியது என்றால் அது ஒன்றியத்திடம். "மேல் கண்மாயின் கலுங்கு மட்டம் உயர்த்தப்படாது" என்ற நம் அனுமானத்தில் இரண்டு அலுவலகமும் இரண்டு ஊரும் இருக்கின்றன. பொய்த்தால் திட்டம் விழும். மெய்யாகும் என்று உறுதி இல்லை. ஆகவே வேலையாக மாறுகிறது: மண் வேலைக்கு முன்பே இரண்டு ஊர்ப் பெரியவர்களும் இரண்டு அலுவலகத்தின் பொறியாளர்களும் கலுங்கில் நின்று மட்டத்தைப் பார்த்து, கல்லில் குறி வைத்து, இரு தரப்பும் கையெழுத்திடுவது. செலவு ஒரு நாள் சாப்பாடும் வண்டியும்.

அறிகுறி 11: வெளியீடு எல்லாம் முடிந்தது, நோக்கம் மட்டும் அசையவில்லை

தொடக்கத்தில் சொன்ன காட்சி. திட்டம் பாதி வழியில் இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. பணம் செலவாகிவிட்டதே என்று மறைத்து அறிக்கை எழுதாதீர்கள்.

லாக்ஃப்ரேமை மேலிருந்து கீழே படியுங்கள். கடைமடையில் தையில் தண்ணீர் இல்லை. மடை மட்டத்துக்கு மேல் கண்மாயில் தண்ணீர் இருந்ததா? மார்கழிக் கடைசியில் ஒருவரை அளவுகோலோடு நிறுத்திவையுங்கள், பதில் தெரிந்துவிடும். இருந்தது என்றால் கோளாறு மடைக்குக் கீழே: வாய்க்கால் அல்லது முறை. தலைமடையில் இரவில் யார் திறக்கிறார்கள், பகலில் யார் அடைக்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். இல்லை என்றால் கோளாறு மேலே: வரத்துக்கால், மேல் கண்மாய், மழை. மேல் கண்மாய் எத்தனை நாள் மறுகால் பாய்ந்தது என்று அந்த ஊரில் கேட்டால் தேதியோடு சொல்வார்கள்.

உடைந்த படி எது என்று தெரிந்ததும் அந்த ஒரு வரிசையை மட்டும் மாற்றி எழுதுங்கள். நிதி கொடுத்தவருக்கு, என்ன நினைத்தோம், களத்தில் என்ன பார்த்தோம், எந்த வரி மாறுகிறது, எவ்வளவு பணம் எந்தத் தலைப்பிலிருந்து எதற்கு மாறுகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். மடைக் காவலுக்கு நீர்ப்பாய்ச்சி ஒருவரை அமர்த்தி, அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று பாசனதாரர் சங்கத்தில் தீர்மானம் போடுவது, மீதமிருக்கும் மண் வேலையைவிடக் கடைமடைக்கு அதிகம் உதவும் என்றால், அதை அப்படியே எழுதுங்கள். தீர்மானத்தில் கடைமடைக்காரர்கள் கையெழுத்து எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த தை முதல் வாரத்தில் மறுபடி வரப்பில் நிற்க ஒரு தேதியைக் குறித்து, அந்த ஐயாவிடமும் சொல்லிவிடுங்கள்.